பதின்மூன்றா, நூற்று இருபத்தேழா?

பக்கத்து மேசையில் றிப்னாவின் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸஜ்ஜாத் ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் முகாமையாளர் சுந்தரலிங்கம் அவனைத் தனியே கூப்பிட்டிருந்தார்.

"ஜும்மாத் தொழுகைக்கு அப்புறம் ஒருத்தர வேலையிலருந்து நிப்பாட்டுறோம். யாருன்னு கேக்காதீங்க. அப்படிப்பட்டவங்க கம்ப்யூட்டருக்குள்ள வரப் பார்த்தா மெஷின் என்ன பதில் சொல்லணும்னு மட்டும் முடிவு பண்ணிப் போட்டுடுங்க, ஸஜ்ஜாத்."

கேட்கவா வேண்டும்? மாத்தளையின் அந்தச் சின்ன அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் றிப்னாதான்.

கணினிக்குள் கர்னல் என்கிற மைய நிரல்தான் வாயிற்காவலன். அவனுக்கு ஆளைத் தெரியாது. யார் வந்தாலும் வெளியே இருக்கிற அடையாளச் சேவையைத்தான் கேட்பான். அது ஓர் எண்ணைச் சொல்லும்.

பதின்மூன்று என்றால் 'அனுமதி இல்லை'. உடனே கதவை அடைத்துவிடுவான். நூற்று இருபத்தேழு என்றால் 'சாவி காலாவதி', அதாவது பாஸ்வேர்டின் தவணை முடிந்துவிட்டது. வந்தவரை வாசலில் நிறுத்திவைத்து, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

ஸஜ்ஜாத் நூற்று இருபத்தேழைப் போட்டான்.

"வேலையால நிப்பாட்டினவங்களுக்கு இதையா சொல்றது?" அவன் திரையை எட்டிப் பார்த்த றிப்னா கேட்டாள். அவனை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "பொய் நானா அது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடணும். காலாவதின்னா மனுஷன் நம்பிக்கிட்டு ஒக்காந்திருப்பான்."

"மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லணுமா? இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே."

"நிம்மதியாம்! காலையில புதுப் பாஸ்வேர்ட் போட்ட கையோட மறந்துட்டு என் உசிர வாங்கினீங்களே, அந்தப் புத்திக்கு இது சரிதான்."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் அவன் காதில் ஏறவில்லை. றிப்னா வாப்பா இல்லாத பிள்ளை. இன்றைக்கு வீட்டுக்குப் போய் உம்மாவிடம் என்ன சொல்வாள்? திரும்பும் வழியில் பேக்கரியில் ரோல்ஸ் வாங்கி, அவள் மேசையில் வைத்தான்.

"என்ன நானா, விசேஷமா?"

"சும்மா. சூடா இருக்கு, சாப்பிடுங்க."

அவளுடைய திரையில் எழுத்துகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எந்த நிமிடமும் அவை நின்றுவிடலாம். அதைப் பார்க்கத் தாங்காமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தான்.

'சாவி காலாவதி. பொறுத்திருக்கவும்.' சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது.

"இந்தச் சனியனும் இப்பத்தான் வரணுமா?" அலுத்துக்கொண்டான். "தங்கச்சி, என் பாஸ்வேர்ட் முடிஞ்சிடுச்சாம். கொஞ்சம் புதுப்பிச்சு விடுங்களேன்."

ரோல்ஸைக் கடிக்கப்போன றிப்னா நிறுத்தினாள்.

"நானா, அத இன்னைக்குக் காலையிலதானே மாத்தினீங்க?"