தொடக்கூடாத இழுப்பறை

"நான் இந்த ரூம்ல தும்மினாக்கூட ஆபீசுக்கே தெரிஞ்சிடுதும்மா. ஒட்டுக்கேட்கற ஒயர் வெச்சது செகரட்டரிதான். கண்டுபிடிங்க, இன்னிக்கே அவளை அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர். "என் இழுப்பறையை மட்டும் தொடாதீங்க."

ஒளித்துவைத்த மைக்கைக் கண்டுபிடிக்கும் தன் கருவியால் ஒருத்தியின் பிழைப்பு போகுமே என்று தேட வந்தவளுக்கு உறுத்தியது. கருவியோ அந்த இழுப்பறையில் மட்டும்தான் கத்தியது. அங்கிருந்து கிளம்பிய ஒயரைத் தொடர்ந்து சாப்பாட்டு அறைக்குப் போனாள். அலமாரிக்குப் பின்னால் ஸ்பீக்கர்! சுற்றியிருந்த செகரட்டரியும் மற்ற ஊழியர்களும், "உஷ்!" என்றார்கள்.

அவள் வெளியேறிய தைரியத்தில் மேனேஜர் போனில் பேசுவது அதில் கணீரென்று கேட்டது.

"எலக்ட்ரீஷியன் தம்பி, சாப்பாட்டு ரூம்ல மைக், என் இழுப்பறையில ஸ்பீக்கர்னுதானே மாட்டச் சொன்னேன்? அவங்க பேசறது ஒண்ணும் கேட்கலியே!"

செகரட்டரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க மேடம். எங்களுக்கு நல்லாவே கேட்குது."