மறதி ஊசி

"இந்த ஊசி போட்டா, ஆள் தன்னை அறியாமப் பேசுமா டொக்டர்?"

ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில் படுத்திருந்த பேர்னாட் காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார். மயக்க மருந்து டொக்டர் பிரஷாந்தி நல்ல பொறுமைசாலி. சிரித்துக்கொண்டே மறுபடியும் விளக்கினார். ஊசி இரண்டு. முதலாவது மிடாசோலம். பார்த்தால் தண்ணீர் போல இருக்கும். பயத்தைப் போக்கும், சில பேர் உளறவும் கூடும், ஆனால் அந்த நேரத்தில் நடந்தது பிறகு ஞாபகத்தில் நிற்காது. இரண்டாவது புரொபோபோல், பால் போல வெள்ளை. அது ஏறினால் ஆள் நித்திரை. குடலிறக்கத்தைத் தைத்து முடிக்கும்வரை ஒன்றுமே தெரியாது.

"அப்ப, அந்த மறதி ஊசியில சொல்லுறதுக்கு மனிசன் பொறுப்பில்ல?"

"இல்ல ஐயா. அது மருந்துட வேலை."

பக்கத்தில் நின்ற எமிலி புருசனை ஒரு மாதிரிப் பார்த்தாள். இத்தனை வருசம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாமல் இந்த மனிசன் எதை ஒளித்து வைத்திருக்கிறார், எதை உளறிவிடுவோம் என்று இப்படிப் பயப்படுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பேர்னாட்டுக்குக் கல்லடியில் பேக்கரி. மா மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிய பிறகும், அது வெறும் வாய்வு என்று சாதித்த மனிதர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். ஒரே மகள் றொசானி படுவான்கரைப் பக்கம் பழுகாமத்து வயல்காரப் பொடியன் உதயரூபனை வீட்டுச் சம்மதமில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்: "என்ட புத்தி தெளிவா இருக்குமட்டும் அவள இந்த வாயால கூப்பிட மாட்டன்."

அவருடைய சத்தியம் லேசுப்பட்டதல்ல. ஒரு தவக்காலத்தில் சிகரெட்டை விடுகிறேன் என்றவர், பிறகு அதன் பக்கமே திரும்பவில்லை. பங்குச் சுவாமி வந்து பேசிப் பார்த்தார். தேத்தண்ணியும் பேக்கரிப் பணிசும் கிடைத்ததுதான் மிச்சம்.

மகளாவது இறங்கி வந்தாளா? அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. அப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் வாசல்படி மிதிப்பேன் என்று அவளும் நின்றாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எமிலிதான் அரைபட்டாள். பேத்தி பிறந்து பல்லும் முளைத்துவிட்டது. எமிலி போனில் பார்த்ததோடு சரி. இந்த ஒபரேஷனில் மனிசனுக்கு ஏதும் ஆகிவிட்டால் இந்தப் பகை அப்படியே நின்றுவிடுமே என்று அவளுக்குக் கவலை.

டொக்டர் பேர்னாட்டின் கையில் குழாயைப் பொருத்தி ஒட்டினார். ஒரு சின்ன ஊசியை எடுத்துக் குழாய்க்குள் மெதுவாகச் செலுத்தினார். "கொஞ்சம் குளிரும் ஐயா" என்றார். அதற்குள் ஒபரேஷன் தியேட்டரிலிருந்து கூப்பிட, அவசரமாகப் போய்விட்டார்.

பேர்னாட் கண்ணை மூடினார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"இஞ்சேருங்க" என்று எமிலி தோளைத் தொட்டாள்.

"றொசானி எங்க?" என்றார் அவர்.

எமிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம். ஊசி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியதுதான். மகளின் நம்பரை அமத்தி, போனை அவர் வாயோரம் பிடித்தாள்.

"மகள்" என்றார் பேர்னாட், கண் திறக்காமலே. "வா மகள். புள்ளையக் கொண்டு வா. அந்தப் பொடியனையும் கூட்டிட்டு வா. அப்பாக்கு உங்களப் பாக்கணும் போல இரிக்கு."

மறுமுனையில் றொசானி விம்மி விம்மி அழுதாள். இந்த நிமிசமே வெளிக்கிடுகிறோம் என்றாள். அது மருந்து பேசிய பேச்சு என்று எமிலி சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

பின்னேரம் பேர்னாட் வாட்டில் நன்றாகக் கண் விழித்தபோது, கட்டிலைச் சுற்றி மகள், மருமகன், மருமகன் தோளில் பேத்தி. எமிலி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். தையல் போட்ட வயிற்றோடு மனிசன் கத்தப்போகிறார் என்றே நினைத்தாள்.

"ஆர் இவங்கள வரச் சொன்னது?"

"நீங்கதான், ஊசி மயக்கத்தில" என்றாள் எமிலி.

"நானா? எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல." அவர் பேத்தியைப் பார்த்தார். "சரி, மருந்து சொன்னதுக்கு மாதா கணக்குப் பாக்க மாட்டா. வெயிலுக்கால வந்த புள்ளைய நிண்டபடி வச்சிருக்கிறதா? இஞ்ச தாங்க."

குழந்தை தாத்தாவின் நெஞ்சில் ஏறி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. றொசானி அழுதுகொண்டே சிரித்தாள். வயல் வட்டையில் இந்தப் போகம் வெள்ளாமை எப்படி என்று பேர்னாட் மருமகனிடம் விசாரித்தார். உதயரூபன் வாங்குப் பலகையின் நுனியில் குந்தியபடி பயத்தோடு பதில் சொன்னான்.

எமிலியால் அங்கே நிற்க முடியவில்லை. சந்தோசத்தில் நடைபாதைக்கு ஓடி, டொக்டர் பிரஷாந்தியைத் தேடிப்பிடித்து இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். வாட்டில் வைத்து நீங்கள் போட்ட அந்த மறதி ஊசிக்குக் கோடி புண்ணியம் என்றாள்.

டொக்டர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்.

"வாட்டில நான் போட்டது வெறும் உப்புத் தண்ணி அம்மா, குழாய் வேலை செய்யுதா எண்டு பாக்கிறதுக்கு. மறதி ஊசி தியேட்டருக்குள்ள கொண்டு போன பிறகுதானே போட்டம்."