சைரன் வாய்மூடிய நான்கு நிமிடம்

ஆம்புலன்ஸை ஓட்டுவது டிரைவர் என்று பொதுமக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடக் கூடாது. ஓட்டுவது சைரன்தான். இதற்கு ஆதாரம், சைரனே அப்படிச் சொன்னது.

சலூன் கடைக்காரர் அந்தோணிசாமிக்கு ஒருநாள் பாதிச் சவரத்தில் வலது கை தொங்கிவிட்டது. வாய் கோணியது, பேச்சு குழறியது. அவரை ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது. ஆஸ்பத்திரி நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தது.

வண்டிக்குள் புதிதாக வந்திருந்த ஸ்கேன் பெட்டி, "அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டணும். வண்டி ஆடினா தலைக்குள்ள எடுக்கிற படம் கலங்கிடும்" என்றது.

"நின்னு படம் பிடிக்க இது என்ன கல்யாண வீடா?" என்று கத்தியது சைரன். "என் சர்வீஸ்ல நடுவழியில நின்னதே கிடையாது!"

"மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருந்தா, அடைப்பைக் கரைக்கிற ஊசி காப்பாத்தும். வெடிச்சிருந்தா அதே ஊசி கொன்னுடும். இவருக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

சைரனுக்குத் தெரியவில்லை. ஆகவே இன்னும் சத்தமாக அலறியது.

உள்ளே இருந்த நர்ஸ், டிரைவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினார். டிரைவர் சைரனை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். படம் நகரத்து டாக்டருக்குப் போனது. "அடைப்புதான், ஊசியைப் போடுங்க" என்று போனில் குரல் வந்தது. ஊசி அங்கேயே இறங்கியது.

"நாலு நிமிஷம் வீண்" என்று மீதி வழியெல்லாம் சைரன் புலம்பியது.

இரண்டு மாதம் கழித்து, அந்தோணிசாமியின் கடையில் டிரைவர் தாடையை நிமிர்த்தி உட்கார்ந்தார். கத்தி கடைக்காரரின் வலது கையில் இருந்தது. ஒரு கீறல்கூட விழவில்லை.