பாசி போன கண்ணாடி

நாளைக்கு விஷு. மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் மாலை வெயில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிறது. கண்ணாடி பளபளவென்றிருக்கிறது. புருஷன் பிச்சுமணி பாலக்காடு போயிருந்த நாலு நாளில், பண்டிகைக்கு வீடு கழுவிய கையோடு கனகாம்பாள் தொட்டியின் உட்புறத்தையும் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டிருக்கிறாள். தோப்பும்படி படகுக்காரரிடம் வாங்கி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, போன வாரம்தான் பிச்சுமணி உள்ளே இறக்கிய, உருண்டை உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளெலிகள் இரண்டும் மூலையில் அசையாமல் ஒட்டியிருக்கின்றன. மணலில் ஏழெட்டு முட்கள் உதிர்ந்து கிடக்கின்றன. "அழுக்குன்னு நெனச்சுட்டேன்," என்கிறாள். "அந்தப் பாசிதான் அதுகளுக்கு ஆகாரம். திரும்பப் படரப் பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் வெள்ளரிக்கா போட்டாத் திங்கும். கடையிலெல்லாம் விஷுவுக்கே வித்துத் தீந்தாச்சு," என்கிறார் பிச்சுமணி. விஷு விடியலில் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து முதல் காட்சியாகக் காட்டும் கணிக்கு ஒருக்கிவைத்த வெண்கல உருளியைக் கனகாம்பாள் பார்க்கிறாள். கொன்றைப்பூவுக்கு நடுவில் பொன்னிற வெள்ளரிக்காய் இருக்கிறது. எடுத்து நறுக்குகிறாள். ஒரு துண்டைக் கல்லோடு கட்டி, முழங்கை நனைய இறக்கிப் பிடிக்கிறாள். ஒரு முள்ளெலியின் முட்கள் மெல்லத் திரும்புகின்றன. ஊர்ந்து வந்து துண்டின்மேல் ஏறிக்கொள்கிறது. "நறுக்கின காயைக் கணிக்கு வைக்கப்படாதே. நாளைக்கு விடிஞ்சதும் எதைப் பாக்கறது?" என்கிறார். அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணைப் பொத்தி இங்கேதான் கூட்டிண்டு வரப்போறேன்."