திங்கட்கிழமை வேண்டாம்

பைரோஜாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதற்காக, இத்தனை பேர் முன்னால் நடுவரிடமே மேஜையைத் தட்டிப் பேசுவாளா?

அந்தச் சிவகாசி அச்சகம் அசுரன் கார்டு அச்சடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆட்டப் பைத்தியம். அச்சகமே போட்டி வைத்தது. பரிசு, ஒரு தையல் மெஷின். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் பைரோஜாவும் இருளம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பைரோஜா, ஃபேன்சி ஸ்டோர் அப்துல் குத்தூஸின் மகள். காலேஜ் படிக்கிறாள். வீட்டில் எதற்கும் குறைவில்லை.

இருளம்மாள் நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவள். அச்சகம் கோணலாக வெட்டி ஒதுக்கிய கார்டுகளை வைத்து ஆடிப் பழகியவள். மெஷின் கிடைத்தால் மருந்து வேலைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம் என்று வந்திருந்தாள்.

ஆளுக்கு ஓர் உயிர்தான் பாக்கி; அது போனால் தோல்வி. பைரோஜா தன் முறை வந்ததும் அசுரனை ஏவினாள். இருளம்மாளின் அசுரன் மறித்தான். மோதலில் இரண்டு பேரும் ஒன்றாகச் செத்தார்கள்.

இரண்டு கார்டிலும் ஒரே வரிதான். 'நான் செத்தால் எதிராளிக்கு ஓர் உயிர் போகும்.'

எந்தக் கார்டு முதலில் வேலை செய்கிறதோ, அந்தக் கார்டுக்காரிக்குத்தான் மெஷின்.

நடுவராக இருந்த அச்சக மேனேஜர் நல்லசிவம் தலையைச் சொறிந்தார். ஆட்டம் சமம், நாளைக்குத் திங்கட்கிழமை வந்து மறுபடி ஆடுங்கள் என்றார்.

இருளம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. தீபாவளி சீசனில் லீவு என்று வாயைத் திறந்தால் மறுநாளே அவள் இடத்தில் வேறு ஆள். அவள் வராவிட்டால் மெஷின் தானாகப் பைரோஜா வீட்டுக்குப் போய்ச் சேரும். குத்தூஸ் பாய் கடை தரும் ஆர்டரை விரல்நுனியில் வைத்திருக்கும் நல்லசிவத்துக்கு இது மட்டும் தெரியாதா என்ன?

அப்போதுதான் பைரோஜா மேஜையைத் தட்டினாள்.

"திங்கக்கிழமையெல்லாம் வேண்டாம். இப்பவே தீத்து விடுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. சும்மா இருந்தாலே வீடு தேடி வரப்போகிற பொருள், அதற்குள் என்ன பறப்பு என்று கேட்டார்கள். இல்லாதவள் வயிற்றில் அடித்துத்தான் இவள் துணி தைக்கணுமா என்றார்கள். குத்தூஸ் பாய்க்கு மானம் போயிற்று. எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க அத்தா. நியாயத்தத்தான கேக்கேன்."

நல்லசிவம் சிரித்துக் குழைந்தார். "இப்ப என்னம்மா? ஒன் முறையில நடந்த சண்ட. அதனால ஒன் கார்டுதான் மொதல்ல, நீதான் ஜெயிச்ச. போதுமா?"

கூட்டத்தில் யாரோ சீ என்றார்கள். இருளம்மாள் கார்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

பைரோஜா அவள் கையைத் தடுத்தாள். செத்த தன் அசுரனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அதன் மேல் இருளம்மாளின் அசுரனை வைத்தாள்.

"கார்டு கட்டோட வார விதித் தாள்லயே இருக்கு. யார் முறையோ அவுக கார்டு அடியில. எதிராளி கார்டு அதுக்கு மேல. மேல இருக்கதுதான் மொதல்ல வேல செய்யும். நீங்க அச்சடிச்ச ஆட்டம், ஒங்களுக்கே தெரியலையா? மெஷின இப்பவே அவ கூட அனுப்பி வைங்க. தோத்த நானே சொல்லுறேன், இன்னும் என்ன ரோசன?"