இரண்டு மணிக்குள் குளிரணும்

"இன்னும் அனல்தான் வருது, அண்ணே! ரெண்டு மணிக்கு வண்டி கிளம்பியாகணும்," என்றான் குணாளன், ஏசி துவாரத்தில் கையை வைத்தபடி.

"கம்ப்ரசரே ஓடல தம்பி. அதுக்கு கரண்டு விடுற ரிலே அவுட் லா," என்றார் மெக்கானிக் மாறன். மலேசியாவின் சுவா தோட்டத்தில் இருந்த அவர் பட்டறையில் புது ரிலே இல்லை. "முன்னால பனிக்குப் போடுற ஃபாக் லைட்டுக்கும் இதே ரிலேதான். கழட்டி இதுல மாட்டட்டா?"

"மாட்டுங்க. சூடு தாங்காம மக வாந்தி எடுப்பா. ஜொகூர் வரைக்கும் மூணு மணி நேரம்."

மாட்டியதும் 'டிக்' என்று கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. காற்று சில்லென்று வந்தது.

"குடும்பத்தோட ஹாலிடே! மூஞ்சியை மட்டும் ஏன் தொங்கப் போட்டிருக்கே?" என்றார் மாறன்.

குணாளன் காசைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தான்.

இரண்டு மணிக்கு, வீட்டு வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் மகளை உட்கார வைத்தான். ஏசி துவாரத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டான். பெட்டிகளை ஏற்றினான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி யாமினியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வெளியே நின்று கதவைச் சாத்தினான்.

"கோர்ட்ல சொன்னபடி, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்," என்றபடி யாமினி கண்ணாடியை ஏற்றினாள்.