ஏழாவது உருண்டை

ஆறு கிடைத்துவிட்டது.

ஏழாவதைக் காணவில்லை.

அவன் ஓக் மரத்தடியில் மண்டியிட்டுச் சருகைக் கிளறினான். இரவெல்லாம் இலை உதிர்ந்திருந்தது. நேற்று மாலை எங்கே வைத்தோம் என்று இப்போது அவனுக்கே தெரியவில்லை.

இறைச்சி உருண்டை. உள்ளே விஷம்.

இத்தாலியின் இந்தக் குன்றில் மரத்தின் வேரடியில் வெள்ளை ட்ரஃபிள் விளையும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் காளான். சுடுசோற்றில் நாலு சீவல் போட்டால் வீடே மணக்கும். மனிதன் கண்ணுக்கு அது அகப்படாது. நாய்தான் மோந்து காட்ட வேண்டும்.

இந்த மரத்தை அவனும் நண்பன் தவமும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்தவர்கள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. மரம் இவனுக்கு, நாய் தவத்துக்கு என்று பிரிந்துபோனார்கள்.

போன வாரம் மரத்தடி தோண்டப்பட்டிருந்தது. குழியை மூடிப் புறங்கையால் தட்டிவிட்ட தடம். தவத்தின் கை அது.

கோபம்தான் நேற்று இவனை உருண்டைகளோடு இங்கே கூட்டிவந்தது. பிறகு செய்தது உறங்கவிடவில்லை. விடியுமுன் முருகன் படத்துக்கு விளக்கேற்றப் போனவன், தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

பனிமூட்டம் வெளுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வேர். அதற்கடுத்த வேர். மறுபடி முதல் வேர்.

அப்போது கேட்டது.

கீழே சரிவில் நாக்கைச் சொடுக்கும் ஒலி. தவம் நாயை ஏவுகிறான்.

மின்னி வருகிறாள். குட்டியாக இருந்தபோது இவன் உடுத்திருந்த சாரத்துக்குள் சுருண்டு தூங்கியவள்.

இந்தக் காட்டில் எவரும் சத்தம் போடுவதில்லை. போட்டால் மரம் இருக்கும் இடம் ஊருக்குத் தெரிந்துவிடும். நேற்று இவன் செய்ததும் தெரிந்துவிடும்.

சருகு சலசலத்தது. இன்னும் கிட்ட.

“தவம்! நாயைப் பிடி! விடாதை, பிடி!”

குன்று முழுக்க அது எதிரொலித்தது.

பிறகு ஒன்றுமில்லை.

பனிக்குள்ளிருந்து தவம் வந்தான். மின்னியை மார்போடு அணைத்து, அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தான். இவனுக்குப் பக்கத்தில் கிடந்த பையைப் பார்த்தான். அதற்குள் கிடந்த ஆறு உருண்டைகளைப் பார்த்தான்.

“எத்தினை வைச்சனி?”

“ஏழு. ஒண்டைக் காணேல்லை.”

“எனக்கு ரெண்டு போட்டிருக்கலாமேயடா.”

அடிப்பான் என்று இவன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

தவம் திரும்பி நடந்தான். தொலைவில் ஒரு மரத்தில் மின்னியைக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான்.

போய்விடுவான் என்று இவன் இருந்தபோது, வந்து எதிர்ப்பக்கம் மண்டியிட்டான்.

“வெளிச்சம் வந்தால் மற்ற நாயளும் வரும். தேடு.”

இருவரும் சருகைக் கிளறினார்கள்.

திடீரென்று தவத்தின் கை நின்றது. இவனுடைய விரல்களையே பார்த்தான்.

“விசரா, வெறுங்கையாலையோ எடுத்தனி?”

தன் வலக்கை உறையைக் கழற்றி இவன் பக்கம் எறிந்தான்.

உள்ளே இன்னும் சூடு இருந்தது.